பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அறுபதுகள், எழுபதுகளில் வந்த ராக், பாப் ஆல்பங்களை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒன்றையும் தாண்டாமல் கேட்டு, என்ன தோன்றியதோ அதை இந்தப் பகுதியில் எழுதிவருகிறேன். அதையொட்டி வந்த கேள்விகளில் சில இங்கே. "இதற்கெல்லாம் நம் பத்திரிகையில் இடமா?" என்று கேட்டவர்களுக்கு ஆசிரியர் தனியாகப் பதில் எழுதுவார். நான் தப்பித்தேன்.

கேள்வி: நல்ல பாட்டு நாலு தெரிந்தால் அதை மட்டும் கேட்டுவிட்டுப் போகலாமே. முழு ஆல்பத்தையும் உட்கார்ந்து கேட்பது எதற்கு? (திருச்சி வாசகர்)

போகலாம், யாரும் தடுக்கவில்லை. நமக்கு இந்தப் பழக்கம் இல்லாததற்குக் காரணமும் இருக்கிறது. சினிமாப் பாட்டுக்கு இடம் படத்தில் உண்டு. கேசட்டில் எந்த வரிசையில் வந்தாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. இந்த ஆல்பங்களுக்குப் பின்னால் படம் எதுவும் கிடையாது, வரிசைதான் கதை. 1948-ல் கொலம்பியா கம்பெனி எல்.பி. என்ற நீண்ட நேர இசைத்தட்டைக் கொண்டுவந்த பிறகு ஒரு பக்கத்துக்குச் சுமார் இருபது நிமிடம், திருப்பிப் போட்டால் இன்னொரு இருபது நிமிடம் என்று கணக்கு ஆகிவிட்டது. பக்கத்தை எதில் ஆரம்பிப்பது, எதில் முடிப்பது என்று பாடகர்களும் தயாரிப்பாளர்களும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

பீட்டில்ஸின் 'அபே ரோடு' (1969) முதல் பக்கம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். 'ஐ வான்ட் யூ' என்ற ஏழே முக்கால் நிமிடப் பாட்டு. கடைசியில் ஒரே கிட்டார் வரி திரும்பத் திரும்ப வருகிறது, பின்னாலிருந்து காற்று இரைவது போல ஒரு சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, எங்கே போய் முடியப்போகிறதோ என்று நினைக்கும்போது கத்தரியால் வெட்டியது போல நின்றுவிடுகிறது. அங்கே வெட்டச் சொன்னது ஜான் லெனன். 1969-ல் கேட்டவர் அந்த அதிர்ச்சியோடு எழுந்துபோய்த் தட்டைத் திருப்பி ஊசியை வைத்தால், ஜார்ஜ் ஹாரிசனின் 'ஹியர் கம்ஸ் தி சன்' இளவெயிலாக வரும். இன்று போனில் கேட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அதனால் நான் முதல் பக்கம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் அடுத்ததைப் போடுகிறேன். ஷஃபிளை அணைத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பாட்டும் பாட்டும் கலந்து வரும்படி ஒரு செட்டிங் இருக்கும் பாருங்கள், அதையும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாப் பட்டியலிலும் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' தான் முன்னால் நிற்கிறது. நீங்கள் மட்டும் அதைப் பற்றி அரைப் பத்தியோடு நிறுத்திக்கொண்டீர்களே, ஏன்? (மதுரை வாசகி)

எனக்கு அதற்கு முந்தைய வருடம் வந்த 'ரிவால்வர்' தான் ஒரு படி மேல். வேண்டுமானால் சண்டைக்கு வாருங்கள்.

'பெப்பர்' (1967) கேட்கக் கேட்க அதன் வேலைப்பாடு தெரிகிறது. நாலே நாலு டிராக் (தனித்தனி ஒலித்தடம்) கொண்ட பதிவு இயந்திரத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்திருக்கிறார்களே என்ற மலைப்பு வருகிறது. கடைசிப் பாட்டில் நாற்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா கீழிருந்து மேலே ஏறுவதும், அதற்குப் பின் பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்த அந்த ஈ மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) நாற்பது நொடிக்கு மேல் தேய்ந்துகொண்டே போவதும் எத்தனை முறை கேட்டாலும் அசத்தல்தான். ஆனால் நடுவில் வரும் சில பாட்டுகள் அலங்கார வண்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கின்றன, நான் ஓரமாக நின்று கைதட்டுகிறேன், அவ்வளவுதான். இதே நேரத்தில் பதிவான 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்', 'பென்னி லேன்' இரண்டும் தனி சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டாக, முன்பே வெளிவந்துவிட்டதால் ஆல்பத்தில் சேர்க்கவில்லை. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே பிற்காலத்தில் அதை நினைத்து வருந்தியிருக்கிறார். அந்த இரண்டும் உள்ளே இருந்திருந்தால் நானும் இந்தப் பதிலை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

'ரிவால்வர்' அப்படியில்லை. முப்பத்தைந்து நிமிடம், பதினாலு பாட்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. வரிவிதிப்பைத் திட்டி ஹாரிசன் ஒரு பாட்டு, அடுத்து எட்டு தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்துக்கொண்டு மெக்கார்ட்னி பாடும் 'எலினார் ரிக்பி', நடுவில் குழந்தைகள் கத்திப் பாடும்படி ஒரு நீர்மூழ்கிக் கப்பல். 'லவ் யூ டூ'வில் சிதாரும் தபலாவும் வருகின்றன. தபலா வாசித்த அனில் பாகவத்தின் பெயரை உறையிலேயே அச்சிட்டார்கள். கடைசியில் 'டுமாரோ நெவர் நோஸ்'. அந்த ஆல்பத்துக்காக முதலில் பதிவுசெய்த பாட்டு அதுதான், வைத்தது கடைசியில். ஏறக்குறைய முழுப் பாட்டும் ஒரே சுருதியில் நிற்கிறது. தம்பூராவோடு வளர்ந்த காதுக்கு இதில் அன்னியமாக எதுவும் இல்லை. மலை உச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவது போலத் தன் குரல் கேட்க வேண்டும் என்று லெனன் கேட்க, ஆர்கனோடு வரும் சுழலும் ஸ்பீக்கருக்குள் அவர் குரலைச் செலுத்திவிட்டார்கள். ஒலிப்பதிவு செய்த ஜெஃப் எமரிக்குக்கு அப்போது வயது 20. எனக்கு அந்த வயதில் ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கவே சிரமம்.

இன்னொன்று. அன்று அமெரிக்காவில் விற்ற 'ரிவால்வரில்' லெனனின் மூன்று பாட்டுகளை எடுத்துவிட்டுப் பதினொன்றைத்தான் போட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் பலர் 'பெப்பரை' மேலே வைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

கேள்வி: எனக்கு ஆங்கிலப் பாட்டு வரிகள் பாதிதான் புரிகின்றன. நான் கேட்டு என்ன பயன்? (விருதுநகர் வாசகர்)

ரோலிங் ஸ்டோன்ஸின் 'எக்ஸைல் ஆன் மெய்ன் ஸ்ட்ரீட்' (1972) கேளுங்கள். ஆங்கிலமே தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கும் அதில் பாதி புரியாது. வரிப் பிரச்சினைக்காக இங்கிலாந்தை விட்டுப் போய், பிரான்சின் தெற்குக் கடற்கரையில் கீத் ரிச்சர்ட்ஸ் வாடகைக்கு எடுத்த பங்களாவின் புழுக்கமான நிலவறையில் பெரும்பகுதியைப் பதிவுசெய்தார்கள். மிக் ஜாகரின் குரலை வாத்தியங்களுக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறார்கள். நாலு பக்கம், பதினெட்டு பாட்டு. முதலில் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்டது. இரண்டாம் பக்கம் மட்டும் தனியாக, இரவில், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டபோதுதான் உள்ளே நுழைய வழி கிடைத்தது.

வரியே இல்லாத பாட்டும் உண்டு. பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) முதல் பக்கத்தின் கடைசியில் கிளேர் டோரி என்ற பாடகி ஒரு சொல்கூட இல்லாமல் கதறுகிறார், கெஞ்சுகிறார், அடங்குகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவுக்கு வந்து பாடிவிட்டு 30 பவுண்டு கூலி வாங்கிக்கொண்டு போனார். முப்பது வருடம் கழித்து, அந்த மெட்டில் எனக்கும் பங்கு உண்டு என்று வழக்குப் போட்டார். 2005-ல் சமரசம் ஆகி, இப்போது ரிக்கார்டுகளில் குழுவின் கீபோர்டுக்காரர் ரிச்சர்ட் ரைட்டோடு அவர் பெயரும் வருகிறது. வந்தே தீர வேண்டிய பெயர்தான். அந்த மெட்டு அவர் தொண்டையில் பிறந்தது என்பது கேட்டால் தெரியும்.

பாப் டிலன், ஜோனி மிட்செல் போன்றவர்களைக் கேட்கும்போது மட்டும் வரிகளை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் அதை விட்டுவிட்டால் பாதி நஷ்டம்.

கேள்வி: டிலனுக்குக் குரலே இல்லையே ஐயா? (கும்பகோணம் வாசகர்)

இல்லைதான். நோபல் பரிசு கொடுத்தவர்களும் குரலுக்காகக் கொடுக்கவில்லை. ஆனால் 'ஹைவே 61 ரீவிசிட்டட்' (1965) முதல் பாட்டு 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' கேட்டுப்பாருங்கள், வேறு யாராவது நல்ல குரலில் பாடியிருந்தால் அந்தக் குத்தல் வந்திருக்குமா? அதில் ஆர்கன் வாசிக்கும் ஆல் கூப்பர் அன்று வேடிக்கை பார்க்க வந்தவர். கிட்டார் வாசிக்கலாம் என்று நினைத்திருந்தார். மைக் புளூம்ஃபீல்டு வாசிப்பதைக் கேட்டதும் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பழக்கமில்லாத ஆர்கனில் போய் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் எந்தக் கார்டுக்குப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு அரை நொடி தாமதமாகத் தொடுகிறார். அந்தத் தாமதம்தான் பாட்டின் ருசியே.

கேள்வி: என் மகன் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தை உலகத்திலேயே சிறந்தது என்கிறான். கேட்டேன். இனிப்பாக இருக்கிறது, அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. என்னிடம் குறையா? (ஈரோடு வாசகி)

உங்களிடமும் குறையில்லை, மகனிடமும் குறையில்லை. பீச் பாய்ஸின் இந்த ஆல்பம் 1966 மே மாதம் வந்தபோது அமெரிக்காவிலும் பலருக்கு உங்கள் நிலைமைதான். கடல், கார், வெயில் என்று பாடிக்கொண்டிருந்த கூட்டம் திடீரென்று இப்படி உட்கார்ந்து வருந்தினால் யார் வாங்குவார்கள்? அங்கே பத்தாவது இடத்தோடு நின்றது. இங்கிலாந்தில்தான் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், இரண்டாவது இடம் வரை போனது.

குழுவில் மற்றவர்கள் ஜப்பானில் கச்சேரி செய்துகொண்டிருந்த நேரத்தில், அவர்களுக்குப் பாட்டு அமைத்துக் கொடுத்த பிரையன் வில்சன் லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்டூடியோ வாத்தியக்காரர்களைக் கூட்டி இதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் மணி, ஹாரன், காலி கோகோ கோலா டப்பா எல்லாம் வாத்தியங்களோடு சேர்கின்றன. பியானோவின் உள்ளே ஒருவர் தந்தியைக் கொண்டை ஊசியால் மீட்ட, இன்னொருவர் வெளியே கட்டையை அழுத்துகிறார். ஒரு வாத்தியத்தையும் தனியாகப் பிரித்துக் கேட்க முடியாதபடி இரண்டு மூன்று வாத்தியங்களை ஒரே சுரத்தில் சேர்த்து, பெயரில்லாத ஒரு ஒலியை உண்டாக்கிவிடுகிறார். உங்களுக்கு இனிப்பாகத் தெரிந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு உதவியது ஒன்றைச் சொல்கிறேன். மேலே பாடும் குரல்களை விட்டுவிட்டுக் கீழே பேஸ் கிட்டார் என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள். நாம் எதிர்பார்க்கும் ஆதார சுரத்தில் அது நிற்கவே நிற்காது. காலடியில் தரை இல்லாதது போல ஒரு நிம்மதியின்மை எப்போதும் இருக்கிறது. 'காட் ஒன்லி நோஸ்' பாட்டில் இது உச்சம், பாட்டு எந்த ஸ்கேலில் இருக்கிறது என்று இசை படித்தவர்களே வாதாடுகிறார்கள். அதைப் பாடுவது பிரையனின் தம்பி கார்ல் வில்சன், அப்போது 19 வயது. முடிகிற இடத்தில் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிவருவதை மட்டும் மூன்று தடவை கேளுங்கள்.

மோனோ (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி) பதிப்பையே தேடிக் கேளுங்கள். பிரையனுக்கு வலது காது கேட்காது, அவர் கலந்ததே மோனோவில்தான். ஸ்டீரியோ பதிப்பு முப்பது வருடம் கழித்து வந்தது. அது தெளிவாக இருக்கிறது, ஆனால் நான் மேலே சொன்ன அந்தப் பெயரில்லாத ஒலி அதில் பிரிந்துபோய், அவரவர் வாத்தியத்தோடு தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம், முதல் பக்கக் கடைசியில் வரும் 'ஸ்லூப் ஜான் பி' மற்றவற்றோடு ஒட்டவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், எனக்கும் அப்படித்தான். அது முன்பே சிங்கிளாக வந்த பாட்டு.

கேள்வி: 'ரூமர்ஸ்' ஆல்பம் செய்தபோது ஃப்ளீட்வுட் மேக் குழுவில் எல்லோரும் சண்டையாமே? (சேலம் வாசகி)

எல்லோரும்தான். கிறிஸ்டின் மெக்வீயும் ஜான் மெக்வீயும் விவாகரத்தில், ஸ்டீவி நிக்ஸும் லிண்ட்ஸி பக்கிங்ஹாமும் பிரிந்த புதிதில், டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட் வீட்டிலும் அதே கதை. இந்த ஐந்து பேரையும் கலிபோர்னியாவின் சாசலிட்டோவில் ஜன்னல் இல்லாத ஒரு ஸ்டூடியோவுக்குள் வைத்துப் பூட்டினால் என்ன வரும்? 1977 பிப்ரவரியில் வந்தது இதுதான், இதுவரை நாலு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

கேட்கும்போது எனக்குச் சங்கடம் தரும் விஷயம், அவரவரைத் திட்டி எழுதிய பாட்டுக்கு அவரவரே பின்னணி பாட வேண்டியிருந்தது. 'கோ யுவர் ஓன் வே' பக்கிங்ஹாம் நிக்ஸைக் குத்தி எழுதியது, அதில் ஒரு வரி அநியாயம் என்று நிக்ஸ் சொல்லியும் எடுக்கவில்லை. அந்தப் பாட்டில் மேல் குரலில் சேர்ந்து பாடுவது நிக்ஸ். கிறிஸ்டின் தன் புதிய காதலரைப் பற்றி 'யூ மேக் லவிங் ஃபன்' எழுதிவிட்டு, கணவரிடம் இது நம் நாயைப் பற்றிய பாட்டு என்று சொல்லிவைத்தார். ஜானும் அதற்கு ஒழுங்காக பேஸ் வாசித்திருக்கிறார், பாவம். வாசிப்பில் கோபம் துளியும் இல்லை, தொழில் சுத்தம்.

ஒரே குறை, இது அளவுக்கு மீறி வழவழப்பு. இவ்வளவு ரத்தம் சிந்தியும் துணியில் ஒரு கறை இல்லையே என்று தோன்றும். அந்த வழவழப்பு உடைகிற இடம் 'தி செயின்', இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. ஐந்து பேர் பெயரும் சேர்ந்து வருகிற ஒரே பாட்டும் அதுதான். மூன்று நிமிடம் கழித்து எல்லாம் அடங்கி, ஜானின் பேஸ் தனியாகக் கிளம்புகிறதே, அங்கே சத்தத்தைக் கூட்டிவிடுங்கள்.

கேள்வி: பிங்க் ஃபிளாய்டின் 'மணி' பாட்டுக்குத் தாளம் போடவே முடியவில்லை. (நாகர்கோவில் வாசகர்)

ஏழு எண்ணுங்கள். மிஸ்ர சாபு தெரிந்த கைக்கு இது ஒன்றுமே இல்லை. சாக்ஸபோன் போய் கிட்டார் தனியாக எழும்புகிற இடத்தில் மட்டும் நாலுக்கு மாறும், பிறகு மறுபடி ஏழு. ஆரம்பத்தில் கேட்கும் காசுச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் ஒலிநாடாவை அளந்து வெட்டி ஒட்டி வளையமாகச் சுழலவிட்டது.

கேள்வி: உங்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காத புகழ்பெற்ற ஆல்பம் எது? மழுப்பாமல் சொல்லுங்கள். (சென்னை வாசகர்)

யெஸ் குழுவின் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' (1973). இரண்டு தட்டு, நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரு பாட்டு, ஒவ்வொன்றும் இருபது நிமிடம். பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சாஸ்திரங்கள் நான்கு வகை என்று சொல்லும் ஓர் அடிக்குறிப்பைப் பாடகர் ஜான் ஆண்டர்சன் படித்தார், அதிலிருந்து எண்பது நிமிடம் வந்துவிட்டது. நம் சாஸ்திரம் என்பதால் சலுகை காட்டலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நல்ல இடங்கள் இருக்கின்றன, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக நெடுந்தூரம் நடக்க வேண்டும். கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனுக்கே பிடிக்கவில்லை. மான்செஸ்டர் கச்சேரி ஒன்றில் தனக்கு வேலையில்லாத இடத்தில் மேடையிலேயே கோழிக் கறி வரவழைத்துச் சாப்பிட்டதாக அவரே கதை சொல்வார். கொஞ்ச நாளில் குழுவை விட்டும் போய்விட்டார்.

இவர்களே இதற்கு முந்தைய வருடம் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' என்று ஒன்று செய்தார்கள். அதிலும் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டுதான். அது ஒரு நொடி தொய்வதில்லை.

கேள்வி: கிளாசிக் ராக் என்றாலே நீளமுடி வெள்ளைக்காரப் பையன்கள் என்று ஆகிவிட்டதே. நீங்களும் அதே பட்டியலைப் பிடித்துக்கொண்டு போகிறீர்கள். (புதுச்சேரி வாசகர்)

நியாயமான கோபம். லெட் செப்பலினின் நாலாவது ஆல்பம் (1971) கடைசிப் பாட்டு 'வென் தி லெவீ பிரேக்ஸ்' எல்லோருக்கும் பிடிக்கும். ஹாம்ப்ஷயரில் ஒரு பழைய மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மேலே இரண்டு மைக்கைத் தொங்கவிட்டு எடுத்த அந்த இடிச்சத்தத்தை எத்தனையோ பேர் பிற்பாடு கடன் வாங்கினார்கள். பாட்டு யாருடையது? 1927-ல் மிசிசிப்பி வெள்ளத்தில் ஊர்கள் மூழ்கியதைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் 1929-ல் இரண்டு கிட்டாரோடு பாடியது. செப்பலின் தட்டில் மின்னியின் பெயரையும் போட்டார்கள், அதுவரை சரி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மூலத்தில் சத்தமே இல்லை, பயம் அதிகம்.

அதே 1971-ல்தான் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்'. என் வரிசையில் இது எந்த கிட்டார் ஆல்பத்துக்கும் முன்னால் நிற்கும். மோடவுன் கம்பெனி முதலாளி பெரி கோர்டிக்குத் தலைப்புப் பாட்டே பிடிக்கவில்லை, காதல் பாட்டு விற்கும் கம்பெனியில் போரும் போலீசும் எதற்கு என்றார். சிங்கிள் வெளிவந்து விற்றுத் தீர்ந்ததும் முழு ஆல்பம் எங்கே என்று அவசரப்படுத்தினார். கேயின் தம்பி வியட்நாமில் மூன்று வருடம் இருந்து திரும்பியவர். பாட்டு முழுக்க அங்கிருந்து வந்தவன் தன் ஊரைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள்தான். முதல் பக்கத்தில் பாட்டும் பாட்டும் இடைவெளி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. கேயின் குரல் இரண்டாகக் கேட்கிறதா? இரண்டு விதமாகப் பாடி வைத்திருந்ததைத் தவறுதலாகச் சேர்த்து ஓடவிட்டார்கள், நன்றாக இருக்கிறதே என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள். பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் குடித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார முடியாமல் தரையில் மல்லாந்து படுத்தபடி வாசித்தார் என்று சொல்வார்கள். அந்த பேஸைக் கேட்டால் நம்ப முடியாது. மோடவுன் தன் வாத்தியக்காரர்களின் பெயர்களை உறையில் போட ஆரம்பித்ததும் இந்த ஆல்பத்திலிருந்துதான்.

ஸ்டீவி வொண்டரைப் பற்றி அடுத்த இதழில் முழுசாக எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று: 1974, 1975 இரண்டு வருடமும் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது அவருக்குத்தான். 1976-ல் பரிசு வாங்கிய பால் சைமன் மேடையில் ஏறி, போன வருடம் ஆல்பம் எதுவும் வெளியிடாமல் இருந்ததற்காக ஸ்டீவி வொண்டருக்கு நன்றி சொன்னார். 1977-ல் மறுபடி வொண்டர்.

கேள்வி: கரோல் கிங், ஜோனி மிட்செல் இருவரில் யார்? (கோவை வாசகி)

காலையில் கிங், ராத்திரியில் மிட்செல். கிங்கின் 'டாபஸ்ட்ரி', மிட்செலின் 'ப்ளூ' இரண்டும் 1971-ல் சில மாத இடைவெளியில் வெளிவந்தவை, ஹாலிவுட்டில் ஒரே ஸ்டூடியோ வளாகத்தில் பதிவானவை. இரண்டிலும் ஜேம்ஸ் டெய்லர் கிட்டார் வாசிக்கிறார், கிங்கின் ஆல்பத்தில் மிட்செல் பின்னணியும் பாடியிருக்கிறார். ஆனால் ஆட்கள் வேறு வேறு. கிங் பத்து வருடம் மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் பாட்டைத் தானே பாட வந்தவர், குரலில் அலட்டல் கிடையாது, பக்கத்து வீட்டு அக்கா பாடுவது போல இருக்கும். மிட்செல் தன்னைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறார், சில இடங்களில் நாம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்று கூச்சமாகிவிடுகிறது. சின்ன வயதில் போலியோ வந்து இடது கை பலவீனமானதால் கிட்டாரின் தந்திகளைத் தனக்கு ஏற்ற சுருதிகளுக்கு மாற்றி வைத்துக்கொண்டவர். அந்தக் கார்டுகள் வேறு யாரிடமும் கேட்காத மாதிரி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' எல்லோருக்கும் மனப்பாடம். இன்னும் முழுசாகக் கேட்க என்ன இருக்கிறது? (திருநெல்வேலி வாசகர்)

ஏழு பாட்டு ஹிட், மீதி இரண்டு. அந்த இரண்டையும் கேட்டிருக்கிறீர்களா? 'பேபி பி மைன்', 'தி லேடி இன் மை லைஃப்'. இரண்டாவது அருமை. அப்புறம் ஒரு தகவல், 1982-ல் முதலில் தயாரான கலவையில் பாட்டுகள் நீளமாக இருந்தன. ஒரு பக்கத்தில் நிமிடங்கள் கூடினால் தட்டில் கோடுகள் நெருங்கி ஒலி மெலிந்துபோகும். கேட்டுப்பார்த்த தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸும் ஜாக்சனும் நொந்துபோய், பாட்டுகளைச் சுருக்கி, ஒவ்வொன்றாகத் திரும்பக் கலந்தார்கள். 'பில்லி ஜீன்' டிரம்ஸ் அப்படி நெஞ்சில் வந்து இடிப்பதற்குப் பின்னால் இந்தக் கத்தரிக்கோல் இருக்கிறது.

கேள்வி: நாங்கள் எண்பதுகளில் புலம்பெயர்ந்த குடும்பம். மகளுக்குப் பாடகி எம்.ஐ.ஏ. பிடிக்கும், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் எழுதும் பழைய ராக்குக்கும் அதற்கும் தொடர்பு உண்டோ? (டொரன்டோ வாசகர்)

நேரடித் தொடர்பே உண்டு. எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டுக்கு அடியில் ஓடும் அந்தக் கிட்டார் தி கிளாஷ் குழுவின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்', 1982-ல் வந்த 'காம்பாட் ராக்' ஆல்பத்தில் இருப்பது. குடியேறி வந்தவர்கள் யாருக்கும் வேண்டாதவர்களாகிப்போன நிலையையும், அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளையும் பற்றியது அந்தப் பழைய பாட்டு. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர் காரணமாக லண்டனுக்கு அகதியாகப் போன பிள்ளை அதைத் தேடி எடுத்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அந்தப் பாட்டு இருக்கும் 'கலா' (2007) ஆல்பம் அவருடைய அம்மாவின் பெயர் தாங்கியது. அதில் உறுமி அடி கேட்கும், இன்னோர் இடத்தில் பிக்சீஸ் குழுவின் பாட்டு வரியும் தலைகாட்டும். மகளோடு உட்கார்ந்து முதலில் 'காம்பாட் ராக்', பிறகு 'கலா' கேளுங்கள். உறுமி வரும்போது நீங்கள் அவளுக்கு விளக்கலாம்.

கேள்வி: இதற்கெல்லாம் இசைத்தட்டு பிளேயர் வாங்கியே ஆக வேண்டுமா? (வேலூர் வாசகர்)

வேண்டாம். சுமாரான பிளேயரும் தேய்ந்த தட்டும் சேர்ந்தால் செலவுதான். போன், வயர் வைத்த நல்ல இயர்போன் போதும். ஆனால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். சில ரீமாஸ்டர்களில், அதாவது பழைய பதிவை மெருகேற்றி வெளியிட்ட பதிப்புகளில், எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குச் சத்தமாக்கி வைத்திருப்பார்கள், பத்து நிமிடத்தில் காது களைத்துவிடும். ஒரே ஆல்பம் இரண்டு மூன்று பதிப்பாக இருந்தால், மெதுவான இடம் மெதுவாகவே கேட்கிற பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிய பதிப்புகளில் கடைசியில் போனஸ் பாட்டுகள் வருகின்றனவே. அவற்றையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டுமா? (தூத்துக்குடி வாசகி)

முதல் முறை கேட்கும்போது வேண்டவே வேண்டாம். 'பெட் சவுண்ட்ஸ்' எங்கே முடிய வேண்டும் என்று பிரையன் வில்சன் முடிவுசெய்திருக்கிறார், அதற்கு மேல் ஒத்திகையும் அரைகுறைப் பதிவும் ஓடினால் எல்லாம் கெட்டுவிடும். கை தயாராக இருக்கட்டும், கடைசிப் பாட்டு முடிந்ததும் நிறுத்துங்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு. 'ரூமர்ஸ்' தயாரானபோது ஸ்டீவி நிக்ஸின் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' நீளம் அதிகம் என்று வெளியே தள்ளி, 'கோ யுவர் ஓன் வே' சிங்கிளின் மறுபக்கத்தில் போட்டார்கள். 2004 பதிப்பில் அதை நடுவில் நுழைத்திருக்கிறார்கள். அங்கே வைத்துக் கேட்காதீர்கள், முதல் பக்கமும் இரண்டாம் பக்கமும் சந்திக்கும் இடம் குழம்பிவிடுகிறது. ஆல்பம் முழுக்க முடிந்த பிறகு தனியாகப் போட்டுக் கேளுங்கள். அதை மட்டும் விட்டுவிடக் கூடாது.